யோகராணி டீச்சரின் பொலன்னறுவைக் கண்ணாடி

“ரெண்டாம் நம்பர் லயம் இல்லீங்க சேர்.”

தேயிலைத் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு முருகேசு தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். பகல் இரண்டு மணி இருக்கும். அட்டன் டவுனில் என் வீட்டுக்குள் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை.

“தகரம் பறந்துருச்சா?” என்று லயத்து வரிசை வீடுகளின் கூரையை நினைத்துக் கேட்டேன்.

“தகரம் இல்லீங்க. லயமே இல்லீங்க. மலை எறங்கி மூடிருச்சு. யோகராணி டீச்சர் உள்ள இருந்தாங்க. பாப்பாத்தி அக்காவும்.”

போனை வைத்தேன். கையிலிருந்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் டீச்சரே என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் கேட்டது ஒரு வார்த்தை. நான் அதைச் சொல்லவில்லை. இன்று முப்பத்தோராம் நாள். இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கும்படி தலைமை ஆசிரியர் என்னைக் கேட்டபோது, வேறு யாரையாவது பாருங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு நானே எழுதுகிறேன் என்றேன். நல்லவர், வல்லவர் என்று அடுக்குவதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அதைப் பொலன்னறுவையிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

டீச்சர் வரலாறு படிப்பித்தார், நான் கணக்கு. பதினெட்டு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். செத்துப்போன ராஜாக்களைக் கட்டி அழுகிறவர் என்று நான் அவரைச் சீண்டுவேன். “நீங்க மட்டும் என்னாங்க சேர், இல்லாத எக்ஸைத் தேடிக்கிட்டு ஆயுசக் கழிக்கிறீங்க” என்பார். றொசல்லவில் ரயில் ஏறி இறங்கும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் முதற்கொண்டு எல்லாருக்கும் அவரைத் தெரியும். வருடத்துக்கு ஒரு பயணம் வைப்பார். மற்றப் பள்ளிக்கூடங்கள் நுவரெலியா பூங்காவுக்குப் போகும். இவர் மட்டும் பொலன்னறுவைதான். அதுவும் பிள்ளைகளோடு பெற்றவர்களும் ஏற வேண்டும். “பிள்ளைங்களக் கூட்டிப் போனா பரீட்சை முடிஞ்சதும் மறந்துருங்க. அம்மாக்களக் கூட்டிப் போனா லயத்துக்கே சொல்லுவாங்க” என்பது அவருடைய கணக்கு.

முதல் பயணத்தை யார் மறப்பார்கள்? விடியற்காலைக் குளிரில் ஆளாளுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு ஏறினோம். தம்புள்ளையைத் தாண்டும்போது பஸ் முழுக்கக் கம்பளி மூட்டை. பொலன்னறுவையில் இறங்கியதும் பராக்கிரம சமுத்திரம். பாப்பாத்தி அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரெண்டாம் நம்பர் லயத்தின் கோடி வீட்டுக்காரர், முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். சும்மா பார்க்கத் தெரியாது, கேள்வி கேட்டாக வேண்டும்.

“இது திருகோணமலைங்களா டீச்சர்?”

“இல்லக்கா. இது கடல் இல்ல, குளம். பராக்கிரமபாகுன்னு ஒரு ராசா வெட்டினது.”

“ராசா எங்க வெட்டினாரு? எங்கள மாதிரி எவனோ கூடை தூக்கியிருப்பான். அவன் பேரு எங்க எழுதியிருக்கு?”

பஸ்ஸே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் அந்தக் கரையில் நின்று, “நம்ம பாப்பாத்தி அக்கா கேட்ட கேள்வி” என்று சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிப்பார். பக்கத்திலேயே பாப்பாத்தி அக்கா பரீட்சையில் முதலாம் பிள்ளை மாதிரி நிற்பார்.

சிவன் கோயிலில் நடந்தது இன்னும் கூத்து. கருங்கல்லாலேயே கட்டி, விமானம்கூட விழாமல் நிற்கிறதே, சோழர் காலத்துக் கோயில், அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஒருத்தர் செருப்பைக் கழற்றினார், ஒருத்தர் கற்பூரம் ஏற்றினார், இன்னொருத்தர் தேங்காயை ஓங்கினார். சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று டீச்சர் காட்டினாரோ இல்லையோ, நாலு பெண்கள் அந்த எழுத்தின் மேலேயே விபூதியைக் குழைத்துப் பூச ஆரம்பித்துவிட்டார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். டீச்சர் அவரிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, தன் சேலை முந்தானையாலேயே விபூதியை மெல்ல ஒற்றி எடுத்தார். பிறகு நம் பெண்களிடம் சொன்னார்: “கும்புடுங்க. ஆனா பூசாதீங்க. பூசினா எழுத்து மூடிரும். எழுத்து மூடினா கல்லு ஊமையாயிரும்.”

அந்தக் கோயிலின் பெயர் வானவன் மாதேவி ஈஸ்வரம். சோழ ராணியின் பெயர். அந்த நகரத்துக்கே அப்போது ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “பாத்தீங்களா டீச்சர், நாம ஆண்டிருக்கோம்” என்றேன்.

“நாம எங்க சேர் ஆண்டோம்? ராசாதான் ஆண்டாரு. நம்ம பாட்டன் மண்டபம் கேம்ப்புல ஊசி போட்டுக்கிட்டு கப்பலேறி வந்தாரு. அவருக்கு இங்க ஒரு செங்கல் கெடையாது. எனக்கும் கெடையாது.”

பொட்டென்று அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் பெருமைப்படவே மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெருமைப்பட்ட கல் வேறொன்று. தலதா முற்றத்தில் ஒரு நெடுங்கல் நிற்கிறது, வேளைக்காரப் படை தமிழில் வெட்டி வைத்தது. புத்தரின் பல்லான தந்ததாது இருந்த மாளிகைக்கு நாங்கள் காவல் என்று அந்தத் தமிழ்ப் படை கொடுத்த உறுதி. அதன் முன்னால் நிற்கும்போது டீச்சரின் குரலே மாறிவிடும். தமிழில் ஒரு தடவை சொல்லுவார், பக்கத்தில் நிற்கும் சிங்களக் குடும்பங்களுக்காகச் சிங்களத்தில் ஒரு தடவை சொல்லுவார். “சாமி யாரோடதுன்னு கேக்கல சேர். பாத்துக்கிறோம்னாங்க. வாயால சொல்லாம கல்லுல வெட்டினாங்க. காவல்னா அதுதான்.”

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன்.

நாலு வருடத்துக்கு முந்திய பயணம். தலையில்லாத புத்தர் நிற்கிறாரே, லங்காதிலக, இரண்டு பக்கமும் ஆகாயத்துக்குச் செங்கல் சுவர், அதைப் பார்த்துவிட்டு வரும் வழியில் இடிந்த கட்டடம் ஒன்றில் மேசன் பாஸ் ஒருத்தர் கொத்து வேலை செய்துகொண்டிருந்தார். சிங்களவர், வயதானவர். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு ஓரத்திலும் சாந்து வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதினார். டீச்சர் நின்றுவிட்டார். இது எதற்கு என்று கேட்டார்.

“மே பலன்ன டீச்சர்”, இதைப் பாருங்கள் என்று அந்த பாஸ் இன்னொரு வெடிப்பைக் காட்டினார். சிங்களத்தில் அவர் விளக்கியது எனக்கும் புரிந்தது. சுவர் நகர்வது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். முழுசாக இருந்தால் சுவர் தூங்குகிறது. உடைந்தால் எழுந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். டீச்சர் பாடவில்லை. மாத்தளை தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார். “அது பாழடைஞ்ச கட்டடம் சேர். ஒருத்தரும் குடியில்ல. அதுக்குக் கண்ணாடி ஒட்டி மாசாமாசம் ஆள் வந்து பாக்குது. நம்ம மேல்கணக்கு லயத்துக்கு வெள்ளக்காரன் காலத்துச் செவரு. மேல மலை, கீழ ஆறு. உள்ள புள்ளகுட்டியோட சனம் இருக்கு. அதை யாரு பாக்குறா?”

மேல்கணக்கு என்று நாம் சொல்லும் மேற்பிரிவின் மூன்று லயங்களிலும் வெடிப்பு இருந்தது உங்களுக்குத் தெரியாததா? ஒன்றாம் நம்பர் லயத்தில் கை நுழையும். டீச்சர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டுப் பெட்டி இருந்தது. நுண்ணோக்கி பழுதாகி வருடக் கணக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விஞ்ஞான சேர் சத்தம் போட்டதற்கு, “மைக்ரோஸ்கோப்பு வந்ததும் திருப்பித் தாரேன்” என்றார். ஒரு கிண்ணம் சீமெந்துச் சாந்து, ஒரு பென்சில், கண்ணாடித் துண்டு. வெடிப்புக்கு வெடிப்பு ஒட்டித் திகதி போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஏறி வந்து வீட்டுக்கு வீடு பார்ப்பார். “டீச்சர் பெரட்டு எடுக்க வந்துட்டாங்க, எல்லாக் கண்ணாடியும் வரிசையா நில்லுங்க, பேரு கூப்பிடுவாங்க” என்று சிரித்தோம். கண்ணாடி டீச்சர் என்று பேரும் வைத்தோம். வைத்தவர்கள் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நானும்தான்.

அவர் கோபப்படவில்லை. எல்லாரிடமும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார். “கண்ணாடி ஒடஞ்சா பேசக் கூடாது. ஏன், எப்படி, யாருகிட்ட கேக்கன்னு நிக்கக் கூடாது. எறங்கணும்.” எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார், படமும் பிடித்து அனுப்பினார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

இந்த வருடத் தீபாவளி வந்தது. பண்டிகைக்கு முன்னால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் வழக்கம். வருடம் முழுக்கப் புகை படிந்து கிடக்கிற சுவர் அன்றைக்காவது வெள்ளையாக இருக்க வேண்டும். வெடிப்பில் களிமண்ணைக் குழைத்து அடைத்து, மேலே ரெண்டு கை சுண்ணாம்பு. தோட்டத்து நலன்புரிச் சங்கத்துச் செயலாளர் யார்? நான். அலைந்து திரிந்து சுண்ணாம்பு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியது யார்? நான். வெளியூரிலிருந்து பிள்ளைகள் மருமக்கள் வருகிறார்கள், வெடிப்பெல்லாம் மூடிப் பளிச்சென்று அடியுங்கள் என்று சொன்னதும் நான்தான். கண்ணாடித் துண்டுகள் எல்லாம் களிமண்ணுக்குள் போயின.

டீச்சர் மூச்சிரைக்க ஏறி வந்தார். நான் அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“சுண்ணாம்பு அடிச்சா வெடிப்பு போயிருமா சேர்?”

“போகாது டீச்சர். ஆனா தெரியாதுல்ல?”

இந்த வாயால் சொன்னேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பதினெட்டு வருடம் கணக்குப் படிப்பித்த வாய். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “அன்னைக்குக் கோயில்ல விபூதி பூசினாங்கள்ல, அந்தப் பொம்பளைங்க தெரியாமப் பூசினாங்க சேர். நீங்க தெரிஞ்சு பூசுறீங்க.”

தீபாவளி முடிந்ததும் ஒன்றாம் நம்பர் லயத்தில் அவரே கத்தியை வைத்துச் சுரண்டி, கண்ணாடிகளை வெளியே எடுத்தார். உடைந்ததற்குப் பதில் புதிது ஒட்டினார். ரெண்டாம் நம்பரிலும் மூன்றாம் நம்பரிலும் பெண்கள் விடவில்லை. பண்டிகைக்கு அடித்த சுவரை மாதம் முடியுமுன் சுரண்டினால் வீட்டுக்குத் தரித்திரம் என்றார்கள். பாப்பாத்தி அக்காதான் கதவை மறித்துக்கொண்டு நின்றார். “கார்த்திகை வெளக்கு ஏத்தி முடியட்டும் டீச்சர், நானே சொரண்டித் தாரேன்.” டீச்சர் என்னிடம் வந்தார். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். கார்த்திகை முடியட்டுமே என்றேன்.

கார்த்திகைக்கு முன்னால் மழை வந்தது.

மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் பூட்டியிருந்த அன்று, பகல் பன்னிரண்டரைக்கு அவர் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம், ஆட்கள் சத்தம்.

“சேர், ஒண்ணாம் நம்பர்ல அத்தனை கண்ணாடியும் ஒடஞ்சிருச்சு. அந்தச் சனத்தையும் மூணாம் நம்பர் சனத்தையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன். ரெண்டாம் நம்பர்ல எது ஒடஞ்சது எது ஒடையலன்னு தெரியல, எல்லாம் சுண்ணாம்புக்குள்ள இருக்கு. பாதிப் பேரு எறங்க மாட்டேங்குறாங்க. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சேர். ஸ்பீக்கர்ல போடுறேன். எறங்குங்கன்னு ஒரு வார்த்தை.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பதறாதீங்க டீச்சர். மழை கொஞ்சம் விடட்டும், சாயங்காலம் வந்து பாக்குறேன்.”

“சரிங்க சேர்” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி.

மீதியைக் கடைசியாக இறங்கிய செல்விதான் சொன்னாள். டீச்சர் வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை படிக்கட்டில் இறங்கி ஏறியிருக்கிறார். கோடி வீட்டில் பாப்பாத்தி அக்கா மட்டும் அடுப்பங்கரையை விட்டு அசையவில்லை. “டீச்சர் எப்பவும் இப்படித்தான் பயங்காட்டும். சேர் சொல்லட்டும், எறங்குறேன்” என்றிருக்கிறார். சேர்தான் சொல்லவில்லையே. டீச்சர் அவரை விட்டு இறங்கவில்லை. “இருங்கக்கா, கண்ணாடியக் காட்டுறேன், நீங்களே பாருங்க” என்று சமையல் கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாராம். செல்வி கீழே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது மலை இறங்கிக்கொண்டிருந்தது.

தோண்டி எடுத்தபோது டீச்சர் கையில் கத்தி இருந்ததாகச் சொன்னார்கள். உடலை நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயோ, நான் சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னேனே! அந்தச் சாயங்காலம் நான் போய் நின்றபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தகரமும் சேறும், அந்தச் சேற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். நான் இறக்கிய சுண்ணாம்பு.

எண்ணூறு, தொள்ளாயிரம் வருடமாகப் பொலன்னறுவை நிற்கிறது. நானும் இந்த ஒரு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். “அது ராசா கட்டினதுனால நிக்கல சேர், பாத்துக்க ஆள் இருக்குறதுனால நிக்குது” என்று டீச்சர் சொல்லுவார். நமக்கு இருந்த ஒரே ஆள் அவர். அவரை வைத்து நாம் சிரித்தோம். யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இதற்கு மேல் நான் எழுதி வைத்திருந்த கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதில் டீச்சரின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்றெல்லாம் இருந்தது. இந்தப் பக்கத்தை இன்று காலைதான் எழுதினேன்.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது விஞ்ஞான அறைக் கண்ணாடிப் பெட்டி. ஸ்டாஃப் ரூம் மேசையில் அவர் பக்கத்து இழுப்பறையில் கிடந்தது. பாதி காலி. போன வாரம் அதிகாரிகள் மூன்றாம் நம்பர் லயத்து ஆட்களை, பரிசோதித்தாயிற்று, பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்களும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறினீர்கள். பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் எத்தனை நாள்தான் படுப்பது? உங்களைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கே நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் ஏறினேன். உங்கள் லயத்தின் பின்சுவரைச் சுரண்டி, நாலு வெடிப்பில் நாலு துண்டு ஒட்டினேன். திகதி போட்டேன். சேருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நல்லது.

இன்று காலை போய்ப் பார்த்தேன். நாலில் மூன்று உடைந்திருக்கிறது.

கண்டாக்கு முருகேசுவிடம் மட்டும் சொன்னேன். நடக்க முடியாதவர்களும் சமையலுக்கென்று தங்கியவர்களுமாக மேலே ஏழு பேர் இருந்தார்கள். நீங்கள் எல்லாரும் இங்கே உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்களை முருகேசு இறக்கிக்கொண்டு வருகிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் சாமான் எடுக்க, கோழி பிடிக்க, அடையாள அட்டை எடுக்க என்று பாதிப் பேர் மேலே ஓடியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதியதில் ஒரு வரியும் விடாமல், உங்களை எழும்ப விடாமல் வாசித்தேன். நான் இதை முடிக்கும்போது அவர்கள் வாசலில் நிற்பார்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு பேர் இருக்க வேண்டும்.

இனி ஒருத்தரும் மேலே ஏறக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று கேட்காதீர்கள். பாப்பாத்தி அக்கா ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பிந்திவிட்டது. கண்ணாடி ஒடஞ்சிருச்சு. ஏறாதீங்க. சேர் சொல்றேன்.